எண்ணெய் காணாத பிஸ்டல்

பெப்ரவரி 8, ஞாயிறு
தோர்ண்டன் ஹீத், லண்டன்

மத்தியானம் தம்பி டெக்சாஸிலிருந்து வீடியோவில் வந்தான். தான் வாங்கிய பழைய பிஸ்டலைக் காட்டினான். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முப்பது வருடப் பழசு. இங்கே வைத்திருந்தாலே சிறை. அங்கே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

"நாலு வெடி வைச்ச உடனை இறுகுது, அண்ணை. எண்ணெய் விட்டும் சரிவரேல்லை."

எனக்கு என்ன தெரியும்? கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த வசந்தி தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த இரும்புக்கு எண்ணெய் மட்டும் காணாது. ஒண்டோடொண்டு உரசி ஒட்டிப் பிடிக்கும். மேல்பாகம் ஓடுற தடத்தில கிறீஸ் பூசச் சொல்லுங்கோ."

பிறகு சோறு வடித்தாள்.

கொழும்பில் பெரியம்மா வீட்டில் படித்தவள், ஊரில் நடந்த சண்டையே பார்க்காத பிள்ளை என்றுதான் கலியாணம் பேசும்போது சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். யூடியூபில் பார்த்திருப்பாளோ? அவள் பார்ப்பது சீரியல்தான்.

சற்றுமுன் தம்பியின் செய்தி வந்தது: "நூறு வெடி வைச்சன். ஒருக்காக்கூட இறுகேல்லை. அண்ணிக்குத் தாங்ஸ் சொல்லுங்கோ."

பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டாள்: "தம்பியோ? சரிவந்திட்டாமோ?"

"இன்னும் பூசிப் பார்க்கேல்லையாம்" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.