பூட்ஸில் போட்ட வெள்ளைக் கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், இந்த வயதில் அதற்கு மேல் என்ன கேட்பது, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனில் கேட்டால் எல்லாத்துக்கும் நல்லாயிருக்கேம்மா என்று ஒரே பாட்டைப் பாடுவாய். எனக்கும் போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

சுட்டி செத்துப்போனது உனக்குத் தெரியும். வயசாயிடுச்சு, போயிடுச்சு என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது பொய். நாலு ஈற்று ஈன்ற மாட்டுக்கு என்ன பெரிய வயது. வயிறு உப்பித்தான் செத்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு கிணற்றடி மேய்ச்சல் துண்டில் கிளாவர், அதுதான் ஈரத்தோடு நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும் அந்த மூவிலைச் செடி, கொழுகொழுவென்று நின்றது, நடுவில் புல்லைத் தேடத்தான் வேண்டும். பால் கறந்த கையோடு, வெறும் வயிற்றோடு, ஈரம் காயும் முன்னே அப்பா மாடுகளை உள்ளே விட்டுவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுட்டிக்கு இடப்பக்க வயிறு முதுகுக்கு மேலே ஏறி நிற்கிறது. எண்ணெய் புகட்டினோம், பிடித்து நடக்க வைத்தோம், மாட்டு டாக்டர் வண்டி வந்து நின்றதும் அது சாய்ந்ததும் சரியாக இருந்தது. உப்ப ஆரம்பித்த இன்னும் நாலு மாடுகளை அவர்தான் காப்பாற்றினார், அவர் நன்றாக இருக்கட்டும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ படிப்பு முடித்து வந்த வருஷம் மேய்ச்சல் நிலத்தை எட்டுத் துண்டாகப் பிரித்துக் கரண்ட் வேலி போட்டு, அப்பாவின் ரப்பர் பூட்ஸில் இரண்டு கோடு வரைந்து கொடுத்தாயே, புல் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மாட்டை விடு, வெள்ளைக் கோட்டுக்கு இறங்கினால் அடுத்த துண்டுக்கு மாற்று என்று. அந்த மனுஷன் அதைப் பாடப் புத்தகம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் அவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது பூட்ஸில் கொட்டகைத் தார் அப்பியிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான், மண்ணெண்ணெய் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன், தாரோடு இரண்டு கோடும் போய்விட்டது. நாம பார்க்காத கோடா என்று பழைய பெயின்ட் டப்பாவை எடுத்துக் கண் அளவில் நானே போட்டேன். சிவப்பு சரியாகத்தான் விழுந்தது. வெள்ளை இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. கோடு அழிந்ததையும் நான் போட்டதையும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவார் என்று.

ஒரு வருஷமாக மாடுகள் புல்லை அடியோடு கரம்பியிருக்கின்றன. என்னடி, புல்லு ரொம்பக் குட்டையா தெரியுதே என்பார், குனிந்து பூட்ஸைப் பார்ப்பார், கோடு சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் கண்ணு போச்சு என்று அடங்கிவிடுவார். ஒரு தடவை எனக்குச் சுருக்கென்றது, அதையும் விழுங்கிவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுட்டி செத்த அன்று டாக்டர், எவ்வளவு உயரத்துல மாட்டை மாத்துறீங்க என்று கேட்டார். அப்பா பெருமையாகக் காலை நீட்டிக் கோட்டைக் காட்டினார். டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு விரல்கூட இல்லையே, இப்படி மொட்டையடிச்சா புல்லு செத்துடும், வெயில் கீழ வரைக்கும் விழுந்து கிளாவர்தான் தூக்கிக்கிட்டு வரும், யார் சொன்ன அளவு இது என்றார். நான்தான் போட்டேன் என்றார் உன் அப்பா. உன் பேரைச் சொல்லவில்லை பார். மகள் கொடுத்த அளவு தப்பு என்று வெளியாள் வாயில் வரக்கூடாதாம். நான் டாக்டர் கை கழுவ சோப்பையும் துண்டையும் எடுத்து நீட்டினேன்.

கிளாவரும் வேணும், அது மண்ணுக்கு உரம், ஆனா புல்லு அதிகமா இருக்கணும் என்றார் டாக்டர். நாலு விரல் விட்டு மாற்றி, துண்டுகளை ஆற விட்டால் புல் தானே தேறுமாம், அதுவரைக்கும் காய்ந்த புல்லைத் தின்ன வைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் விட வேண்டுமாம். ஆனால் அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. எனக்கு அளவு புடிபடல, வித்துடலாம் என்கிறார், வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரி வருவதாக இருக்கிறது. பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டவர் தொடவே இல்லை, வெறும் செருப்போடு வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, மாடுகள் போனால் என் முதுகு நிமிரும் என்று ஒரு மனம் சொல்கிறது. இருபத்திரண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் காட்டித் தோள்பட்டை இற்றுப்போச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும். ஆனால் கண்ணு போச்சு கண்ணு போச்சு என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. உன் மேலும் பழி, அவர் மேலும் பழி, தப்புப் பண்ணினவள் சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலைக் கறவை முடிந்ததும் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவேன். இது உன் கைக்கு வந்தால் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

நீ குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யாதே, பிற்பாடு வலி தெரியும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் வீட்டில் ஒரு குறையும் அண்டாமல் மூன்று பேரும் நிறைந்து இருங்கள். நீ அன்று போட்ட இரண்டு கோட்டுக்கும் அளவை மறக்காமல் எழுது, சென்டிமீட்டர் வேண்டாம், விரல் கணக்கில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா

அம்மா படித்துக் காட்டினாள். நீ போட்ட கோடு தப்பில்லை, என் கண்ணும் தப்பில்லை, அது போதும். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். அளவு சீக்கிரம் அனுப்பு. பெயின்ட் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டேன். – அப்பா