ரீட்டா வீட்டில் சுற்றும் துணி

டிசம்பர் 9, செவ்வாய்.

மலேசியாவில் இந்த மெர்சிங் ஊரில் மழை விட்டபாடில்லை. எங்கள் துணி டிரையரோ சூடு ஏறாமல் சும்மா சுற்றுகிறது. பஞ்சு வலையைத் துடைத்தேன், பின்னால் உள்ள குழாயைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. இவரிடம் சொன்னால் "நாளைக்குப் பாக்கலாம்லா" என்கிறார். பக்கத்து வீட்டு ரீட்டாவின் டிரையர் சூடாகவில்லை என்றதும் மட்டும், போன வாரம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டு ஓடினார்.

இன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே பின்தகட்டைக் கழற்றினேன். இரண்டு வயர் தொங்கியது. நடுவில் ஒன்றும் இல்லை.

"என்னங்க, இங்க இருந்த சாமான் எங்க?"

தலையைச் சொறிந்தார். "பியூஸ்மா. ரீட்டாவோடதும் நம்ம மாதிரி டிரையர்தானே. எது கெட்டுப்போச்சுன்னு பாக்க, நீ குளிக்கப் போனப்ப நம்மளோடத கழட்டி அங்க மாட்டினேன். சூடாச்சு."

"சூடாச்சு, சரி. திரும்பக் கழட்ட வேண்டியதுதானே?"

"அவங்க சிரிச்சிக்கிட்டே காப்பி கொண்டாந்தாங்க. எப்படிலா கழட்டுறது?"

ஈரத்துணிக் கூடையோடு ரீட்டா வீட்டுக்குப் போனேன். "எங்க வீட்டுச் சூடு இங்க குடிவந்துருச்சாம், கொஞ்சம் குடும்மா" என்றேன். சிரித்தாள். துணியெல்லாம் அவளே அள்ளி உள்ளே போட்டாள். "மடிச்சு வைக்கிறேன்க்கா. காலைல அண்ணன அனுப்புங்க."

படுத்த பிறகுதான் உறைத்தது. இவர் ஜட்டியெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதையும் அவள்தான் மடிப்பாள். இவர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். விடிந்ததும் இவர் எழுந்திருப்பதற்குள் நான் ஓட வேண்டும்.