பாஸ்போர்ட் இல்லாத தூதர்கள்

மார்ச் 4
நம் நாட்டிலிருந்து கலைக்குழு வந்து இறங்கியது. விமான நிலையத்திலேயே எங்கள் தூதரகக் கலாச்சாரப் பிரிவு அதிகாரி என் காதைக் கடித்தார்: "எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கித் தூதரக லாக்கர்ல வை. இல்லன்னா இங்கயே ஓடி ஒளிஞ்சுக்குவானுங்க."
குழுவின் பிரபலப் பாடகியம்மாவின் பாஸ்போர்ட் மட்டும் அவர் கைப்பையிலேயே இருந்தது. "அது?" என்றேன்.
"அவங்ககிட்டப் போய்க் கேப்பியா? அறிவிருக்கா?"
மத்தளக்காரர், விளக்குக்காரர், பின்பாட்டுப் பெண்கள் — இவர்கள்தான் ஓடுகிறவர்கள். நம் கலாச்சாரப் பரிமாற்றம் இப்படித்தான் தொடங்குகிறது.

மார்ச் 5
ஒத்திகை. நாற்காலி, பூங்கொத்து, பேனர். நாள் முழுக்க ஓட்டம். என்ன செய்தாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை.

மார்ச் 6
மத்தளக்காரரின் மனைவிக்கு ஊரில் எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "ரத்தம் நிக்கலையாம் தம்பி. நாளைக்கு வாசிச்சுட்டுக் கிளம்பிடறேன். எப்படியாவது அனுப்பி வையுங்க."
அதிகாரியிடம் சொன்னேன். சிரித்தார். "பொண்டாட்டி, பிரசவம்... இந்தக் கதையெல்லாம் நான் எத்தனை கேட்டிருக்கேன். வெளிய விட்டா ஆள் கிடைக்க மாட்டான். ஒன்பதாம் தேதி நிகழ்ச்சிக்கு உன் மாமனாரா வந்து வாசிப்பாரு?"
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.
லாக்கர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில். அதைத்தானே யோசிக்கிறேன்? ஆமாம், அதைத்தான். சே.

மார்ச் 7
"நம் கலைஞர்களே நம் தூதர்கள்!" என்று மேடையில் அதிகாரி முழங்கினார். பாஸ்போர்ட் இல்லாத தூதர்கள்! மத்தளத்துக்குக் கைதட்டல் அடங்கவேயில்லை. மத்தளக்காரர் திரைக்குப் பின்னால் வந்து போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது எரிந்து விழுந்து தப்பித்திருப்பேன்.
போய் லாக்கரைத் திறந்தேன். டிக்கெட் தேதியையும் நானே மாற்றினேன்.
"உங்க வேலை போயிடுமே தம்பி."
"போனா போகுதுண்ணே. கிளம்புங்க."
டாக்ஸி நகர்ந்த பிறகு, அதிகாரி பார்த்துவிட்டாரா என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். பெரிய வீரன்!

மார்ச் 8
"ஓடிட்டான் பாத்தியா!" அதிகாரிக்கு, தான் சொன்னது பலித்த சந்தோஷம்.
"வீட்டுக்குப் போயிருக்கார் சார். பாஸ்போர்ட்டை நான்தான் கொடுத்தேன்."
சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

மார்ச் 9
மத்தளத்துக்குப் பதில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். முன்வரிசையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மார்ச் 11
வேலை போயிற்று. சாவியை வாங்கிக்கொண்டார்கள், என் பாஸ்போர்ட்டையும். "விசாரணை முடியட்டும். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."
"நான் எங்க சார் ஓடப் போறேன்? என் வீட்டுக்குத்தானே?"
அதிகாரி லாக்கரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.
சாயங்காலம் மத்தளக்காரர் பேசினார். குழந்தை தங்கவில்லை. "இவளைக் காப்பாத்திட்டாங்க தம்பி. என் கையை விடவே மாட்டேங்குறா. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் நம்பர் போட்டுக் கொடுத்தாங்க."
பிறகு கேட்டார்: "நீ எப்ப ஊருக்கு வர்றே?"
"சீக்கிரமே வந்துருவேண்ணே," என்றேன்.