சும்மா கிடக்கும் லைன்

மார்ச் 3

இன்றும் மேனேஜரோடு சண்டை. அப்பாவும் தம்பியும் இருக்கும் ஊருக்கு எங்கள் கம்பெனியின் கேபிள் இரண்டு போகிறது. ஒன்றில்தான் போன், இன்டர்நெட் எல்லாம் ஓடுகிறது. சாயங்காலமானால் நெரிசல், குரல் வெட்டி வெட்டி வரும். இன்னொன்றைக் காலியாக வைத்திருக்கிறேன், முதலாவது அறுந்தால் எடுத்துக்கொள்ள. இரண்டையும் நிரப்பிவிட்டு ஒன்று அறுந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவனும் சினிமா பார்க்கிறவனும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பழைய கருவிகளுக்கு ஆள் பார்த்து வழிவிடத் தெரியாது.

"புகார் குவியுது. நீ சும்மா கிடக்குற லைனுக்குக் காவல் காக்குற."

"அறுந்தா?"

"போன வருஷம் அறுந்துச்சா?"

வெள்ளம் வந்த பிறகா அணை போடுவது? கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது.

மார்ச் 5

அப்பாவுக்கு 21ஆம் தேதி ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். பிறகு பேச்சு கிடையாது. அதனால் தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார்.

"என்ன பாப்பா, உங்க லைன் கிணத்துக்குள்ள கிடக்குதா? நீ பேசுறதுல பாதி தவளைக்குத்தான் போகுது."

சிரித்தேன். வைத்தபிறகு அழுதேன்.

மார்ச் 9

பேசியதில் பாதி "கேக்குதா?", "கேக்குதா?"

மார்ச் 12

ஆபரேஷனை நாளைக்கே மாற்றிவிட்டார்கள். என் டிக்கெட் 19ஆம் தேதிக்கு. வேறு எதிலும் இடமில்லை.

சாயங்காலம் அப்பா கூப்பிடுவதற்கு முன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலி லைனைத் திறந்துவிட ஒரு வரி அடித்தால் போதும். அரைமணி நேரம், யாருக்குத் தெரியும்? ஊருக்கெல்லாம் நியாயம் பேசிவிட்டு, என் அப்பா என்றதும் நான் மட்டும் திறப்பேனா? திறக்கவில்லை.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு. நீ மட்டும்..." அப்புறம் கரகரப்பு. "தம்பிய..." மறுபடி ஒன்றுமில்லை. "...விடாம... சரியா?"

ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு வலிக்கிறது, திரும்பச் சொல்ல வைக்காதே என்று தம்பி காலையிலேயே சொல்லியிருந்தான்.

"சரிப்பா" என்றேன்.

எதுக்குடி சரி சொன்ன? எதுக்கு?

மார்ச் 13

ரோடு தோண்டும் மெஷின் காலையில் முதல் கேபிளை அறுத்துவிட்டது. எல்லாம் காலி லைனுக்கு மாறியது. அந்த ஊரில் யாருக்கும் தெரியக்கூட இல்லை. "முடிஞ்சுதுக்கா, நல்லா இருக்கார்" என்ற தம்பியின் குரலும் அதில்தான் வந்தது.

மேனேஜர் அவர் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தார். "நீ சொன்னதுதான் சரி."

அந்தச் சொல்லையே கேட்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 15

அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்று தம்பியிடம் கேட்டேன்.

"நான் மருந்து வாங்கப் போயிருந்தேனேக்கா."

மார்ச் 18

லீவு ரத்து. மூன்றாவது கேபிள் போட்டு முடிக்கும்வரை என்னை விடமாட்டார்களாம். கெட்டிக்காரிக்குப் பரிசு.

ஏப்ரல் 6

மூன்றாவது கேபிள் இன்று ஓட ஆரம்பித்தது. நெரிசலே இல்லை. சாயங்காலம் கூப்பிட்டேன். அப்பாவின் கழுத்துக் குழாயில் மூச்சு போய்வருவது பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டது. வைத்துவிடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"அப்பா, அன்னிக்குக் கடைசியா ஒண்ணு சொன்னீங்களே..."

காகிதத்தில் பேனா உரசியது. தம்பி வாசித்தான்.

"'அதான் சரின்னு சொல்லிட்டியே பாப்பா. அந்த நிம்மதியிலதான் உள்ள போனேன்'னு எழுதியிருக்கார்க்கா."

"ஆமாப்பா" என்றேன்.

இனி அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த லைனில் மூக்கை உறிஞ்சினால்கூட அங்கே கேட்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு, அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.