கார்டைத் தூக்கிக் கட்டின கம்பி

8, திங்கள்

காலையிலிருந்தே மழை. கொச்சங்காடி பழைய குடோன், லாட்ஜாக்குற வேலை. பிளைவுட் நடுவுல எட்டு ஜன்னல் ஓட்டை. மரம் அறுக்கிற கை மிஷின்ல பிளேடு மேல தானா வந்து மூடிக்கிற கார்டு இருக்கே, அது ஒவ்வொரு ஓட்டைக்கும் தட்டிச்சு. எரிச்சல். கட்டுக்கம்பியால மேல தூக்கிக் கட்டினேன். எல்லாரும் பண்றதுதான்.

பதினோரு மணிக்கு மச்சான், என் கூடப்பொறந்த லாத்தாவோட வீட்டுக்காரர், மிஷின் கேட்டார். கையில கொடுத்தேன். கம்பி ஞாபகமே இல்ல. ஒரு பலகை அறுத்துட்டு, வழக்கம்போல மிஷினைத் தொடையோரம் இறக்கினார். பிளேடு இன்னும் நிக்கல. கார்டு மூடியிருக்கும்னு நம்பிட்டார்.

முழங்காலுக்கு மேல ஆழமா வெட்டு. ஆட்டோ, ஆஸ்பத்திரி.

திரும்பி வந்ததும் முதல் வேலையா கம்பியை வெட்டி ஓடையில எறிஞ்சேன். யாரும் பாக்கல.

9, செவ்வாய்

தையல் பதினேழு. நடப்பார், ஏணி ஏற முடியுமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.

சைட் பாக்குற சேட்டன் மிஷினைச் சோதிச்சார். கார்டு அழகா மூடுது. மிஷின்ல குத்தமில்ல, ஆளுக்குத்தான் கவனமில்லன்னு தீர்ப்பு. இனி மச்சான் கையில மிஷின் கொடுக்கக் கூடாதாம். பதினைஞ்சு வருஷமா ஒரு நகம்கூடப் பேராத மனுஷன். பக்கத்துலயே நின்னேன். வாயைத் திறக்கல. த்தூ, நானெல்லாம் ஒரு ஆளு.

வாங்க வேண்டியது: பஞ்சு, டெட்டால், பிரெட், மச்சானுக்கு லுங்கி 2.

10, புதன்

மழை விட்டிருக்கு. சைட் சுவத்துல ஒட்ட விதி எழுதணுமாம். சேட்டன் என்னைப் போய் எழுதச் சொன்னார், நான்தான் சூதானமான ஆளாம். மலையாளத்துல எழுதினது:

— பிளேடு மாத்துமுன் பிளக்கை உருவு.
— பலகையைக் கிளாம்ப் போட்டு அறு. கையால பிடிக்காதே.
— கண்ணாடி போடு. தொளதொள சட்டை வேண்டாம்.
— பிளேடு நிக்காம மிஷினை இறக்காதே.

அஞ்சாவது, கார்டைக் கட்டாதே. பேனா ஓடல. நாலோட ஒட்டிட்டேன்.

சாயங்காலம் இடக்கொச்சி, மச்சான் வீடு. லாத்தா அவரை வைதுட்டே இருக்கா. பிள்ளைங்களை நெனச்சுப் பாத்தீங்களா, கண்ணு எங்க இருந்துச்சுன்னு. அவர் தலையைக் குனிஞ்சுட்டு, என் தப்புதான்னார். வெச்ச சாயாவைக் குடிக்க முடியல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்.

12, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நேரா மச்சான் வீட்டுக்குத்தான். லாத்தா அடுக்களையில. மச்சான்கிட்டச் சொல்லிட்டேன். கட்டினது, வெட்டி எறிஞ்சது, எல்லாம்.

கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல தூக்கி வெச்சுட்டுச் சொன்னார்.

"எவன் மிஷின் கொடுத்தாலும் கார்டை விரலால தள்ளிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். அன்னைக்குப் பாக்கல. நீதானே கொடுத்தே."

அழுதுட்டேன். சேட்டன்கிட்ட நாளைக்கே சொல்றேன்னேன். முதல்ல உன் லாத்தாகிட்டச் சொல்லுன்னார்.

போனேன். மீன் கழுவிட்டிருந்தா. என்னடா மூஞ்சி இப்படின்னா. அவ முதுகைப் பாத்தே சொல்லி முடிச்சேன். குழாயை மூடினா. திரும்பினா.

"இன்னொரு தடவை சொல்லு."