நடுவில் நிற்பவன்

ஜன. 9, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. காற்றில் ஈரமே இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி தட்டுகிறது.

பெங்களூர் சிவாஜிநகர். அன்வர் பாய் கடையில் செத்துப்போன சி.டி. பிளேயர் மூன்று. ரிப்பேருக்கு வந்த ஜோகுபாளையம் சாருடைய பிளேயருக்கு வேண்டிய லென்ஸ் ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும். ஆன்லைனில் வரவழைத்ததெல்லாம் டூப்ளிகேட். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அக்கா, இதுல ஒண்ணு டிரே தெறக்க மாட்டேங்குது. உள்ள என்னமோ லொடலொடங்குது. சும்னே எடுத்துட்டுப் போ, காசு வேணாம்."

சாருக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. பாட்டு ஓடினால், பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டுவார். பிளேயர் படுத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பொங்கலுக்குள் தருகிறேன் என்று அவர் வீட்டு மேடத்திடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அம்மா வாசலிலேயே: "போகிக்குப் பழசத் தூக்கிப் போடுன்னா, இவ பழசச் சொமந்துட்டு வரா."

வாங்க: ஈயக்கம்பி, சின்ன பெல்ட், வெல்லம், அம்மாவுக்கு இருமல் மருந்து.

ஜன. 10, சனி

டிரே திறக்காத பெட்டியைப் பிரித்தேன். பெல்ட் உருகிப் பிசினாகிக் கிடந்தது. உள்ளே ஒரு டிஸ்க். மேலே மார்க்கரில் 'டெஸ்ட்'. கொம்பு மட்டும் பெரிசாக. தினா எழுத்து.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி வந்து பார்த்தேன். அவன் எழுத்துதான்.

தினா என் தம்பி. கல்யாணம், கோயில் விசேஷம் என்று சவுண்ட் சர்வீஸ் பண்ணினவன். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷமாகிறது. ஸ்பீக்கர் சரிபார்க்கத் தன் குரலிலேயே ஒரு டிஸ்க் பண்ணி, கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுப்பான். ரிப்பேர் முடிந்த பெட்டியை நானும் அதில்தான் ஓட்டிப் பார்ப்பேன். எங்கள் மர்பி டவுன் வீட்டிலிருந்து அவனைத் தூக்கும்போது, வேலைச் சாமான் கூடவே போகட்டும் என்று அம்மா என் காப்பியை அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. இன்னொன்று யாரிடமாவது இருக்கும் என்று நினைத்தேன். யாரிடமும் இல்லை. போனில் அவன் படம் நிறைய. குரல் ஒன்றுகூட இல்லை.

என் டேபிளில் இருக்கும் இரண்டு பிளேயரும் 'நோ டிஸ்க்' என்கின்றன. டிஸ்க்கின் வெள்ளிப் பூச்சு ஓரத்தில் உதிர்கிறது.

ஜன. 11, ஞாயிறு

அது கிடந்த பழைய பெட்டிக்கே பெல்ட் போட்டேன். டிஸ்க்கைப் படித்தது.

இடது ஸ்பீக்கரில்: "லெஃப்ட். லெஃப்ட்ல நிக்கறேன். கேக்குதா?"

பிறகு சத்தமில்லை. அது வலது பக்கத்தின் முறை. இந்தப் பெட்டியில் வலது பக்கம் போர்டே கருகிவிட்டது; ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், "நடுவுல வந்துட்டேன். ஆள் தெரியுதா?" அதுவும் இடது பக்கமிருந்தே.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "ஏண்டி ஒரு பக்கமாவே பேசறான்?"

விளக்கிச் சொன்னேன். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலை ஒரே அளவில் பேசினால், ஒன்றுமே இல்லாத நடுவிலிருந்து குரல் வரும். ஆள் நிற்பது போலவே இருக்கும். காது ஏமாறுகிறது, அவ்வளவுதான். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் திட்டுகிறவள் நான். ஆனாலும் அந்த நடுவில் அவன் வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

போனில் பதிந்து கேட்டேன். குரல் அவனுடையதுதான். ஆள் இல்லை.

சாருக்கு வேண்டிய லென்ஸும் இந்தப் பெட்டியில் இருப்பதுதான். அவர் பிளேயரில் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. அதில் மாட்டினால் தினா நடுவில் வருவான். அப்புறம் லென்ஸ் அவருடையது. கொடுக்க மனசே இல்லை.

ஜன. 13, செவ்வாய்

ஸ்வெட்டர் இல்லாமல் குளிரில் உட்கார்ந்தேன். பொறி பட்டால் லென்ஸ் செத்துவிடும். அதனால் ஒயரை உருவுவதற்கு முன்னால் லென்ஸின் பின்பக்கம் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு ஈயப்பொட்டு வைக்க வேண்டும். வைத்தேன். உருவி, சார் பிளேயரில் மாட்டினேன்.

'நோ டிஸ்க்.'

சாருடைய டிஸ்க் போட்டாலும் அதே. லென்ஸில் வெளிச்சமே இல்லை. பழைய பெட்டியில் திரும்ப மாட்டினேன். அதிலும் இல்லை. எங்கேயோ பொறி பட்டுவிட்டது. என் கையாலேயே.

மேடம் போன். "இன்னிக்கும் கேட்டார்மா. ஆச்சா?"

"ஆச்சு மேடம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜன. 14, போகி

தெருவெல்லாம் புகை. அம்மாவுக்கு இருமல் ஜாஸ்தி. கெட்டுப்போனதை வைத்துக்கொண்டு என்ன பண்ண, குப்பையோடு போகட்டும் என்று லென்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயிலில் பின்பக்கம் ஏதோ மினுங்கியது.

ஈயப்பொட்டு.

மாட்டி முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தால்தான் வெளிச்சம் வரும். எத்தனையோ லென்ஸ் மாற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட மறந்ததில்லை. படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா, "கண்ணுல புகையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மாட்டினேன், பொட்டை எடுத்தேன். சாருடைய டிஸ்க் ஓடியது.

தினாவுடையதைப் போடவில்லை. பூச்சு இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. எத்தனை தடவை ஓடுமோ. என் டேபிள் ஸ்பீக்கர் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அதில் அவன் நேராக நிற்க மாட்டான். சார் வீட்டில்தான்.

ஜன. 15, பொங்கல்

அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வரலடி. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

ஆட்டோவில் மடியில் பிளேயர். ஜோகுபாளையம் தெருவெல்லாம் கரும்புச் சக்கை. மேடம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். சார் அவருடைய நாற்காலியில் தயாராக.

"வந்துட்டியா ரேவதி. வீடே ஊமையாயிடுச்சும்மா."

"ஒரு டெஸ்ட் பண்ணிடறேன் சார்."

டிஸ்க் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"லெஃப்ட். லெஃப்ட்ல நிக்கறேன். கேக்குதா?"

"ரைட். ரைட்டுக்கு வந்துட்டேன். கேக்குதா?"

"நடுவுல வந்துட்டேன். ஆள் தெரியுதா?"

நடுவில் வெறும் சுவர், ஒரு காலண்டர். அங்கிருந்துதான் வந்தது. அவன் நின்றால் வாய் இருக்கும் உயரத்தில்.

சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். "யாரும்மா அது? நின்னுட்டே இருக்கான்."

"யாரும் இல்லீங்க" என்றார் மேடம்.

"இருக்கான். சொவத்தோரமா. உக்காரச் சொல்லு."

"என் தம்பி சார்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டார்.

தினாவின் டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் அம்மா.

"நின்னானா?"

"உக்காந்துட்டான்மா."