குறுக்கே வராத நாய்

இன்று காலை காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்தது. சரஸ்வதிபுரத்து மூலைக்கடை இன்னும் திறந்திருக்கவில்லை. உள்ளே வறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பால் வாங்க நடந்து போய்க்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக, "ஹம்ப்ஸ் வருது" என்று வேகத்தடையை அறிவித்தது. எதிரே வந்தவர் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் இடப்பக்கம் யாரும் இல்லை.

அந்த வாசனையைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நீ. பிறந்ததிலிருந்து மைசூரில் இருக்கிறேன், அந்தக் கடை இருக்கும் இடம் எனக்குக் கண்ணால்தான் தெரியும். உனக்குப் பார்வை இல்லை. "அக்கா, காப்பிக்கடை வந்துருச்சுங்க. பத்து எட்டு வெச்சா ஹம்ப்ஸ்" என்று எனக்கே சொல்வாய். உனக்கு வழி சொல்ல வந்தவள் நான்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதுகூட நான் எழுதிய எதையும் நீயாகப் படித்ததில்லை, யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். இருந்தும் எழுதுகிறேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள் உனக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டாமா? அதோடு, போன மாதம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்லவேண்டும்.

நம் ஓட்டக் குழுவுக்கு நீ வந்த முதல் ஞாயிறு நினைவிருக்கிறது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் இருபது பேர் கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தோம். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால் வந்தவள் நான். எப்போதும் கடைசி. ஆட்டோவிலிருந்து வெள்ளைக்கோலோடு நீ இறங்கினாய். அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, "நான் ஓடணும்" என்றாய். குழுவை நடத்தும் மகேஷ் சார், சைக்கிள் கடைக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது. கடைசியாக ஓடுகிறவள்தானே, கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்திருப்பார்.

நான் பயத்தில் "ஐயோ, நானா?" என்று தமிழில் முணுமுணுத்தேன். உன் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழுங்களா? நான் ஹனூருங்க, தமிழ்நாட்டு எல்லப் பக்கம். அப்பச் சரி, திட்டறதுன்னா தமிழ்லயே திட்டிக்குங்க."

மகேஷ் சார் ஒரு பழைய ஷூ நாடாவை எடுத்து இரண்டு முனையிலும் வளையம் போட்டுக் கொடுத்தார். ஒன்று என் இடது கையில், மற்றது உன் வலது கையில். அன்றைக்கு ஏரிக்கரையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. வழியெல்லாம் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தேன். நீ நின்றுவிட்டாய்.

"பாத்து பாத்துன்னு சொல்லாதீங்க்கா. எதைப் பாக்கணும்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து சொல்லக் கற்றேன். வேர், வலப்பக்கம். மண் தரை முடிந்து சிமெண்ட். இரண்டு எட்டில் படி. எதிரே மூன்று பேர், நடுவில் போகலாம். நாரை ஒன்று தண்ணீரில் நிற்கிறது என்று தேவையில்லாததையும் சொல்வேன். அதுவும் உனக்கு வேண்டியிருந்தது. "எந்தக் கால்ல நிக்குதுங்க்கா?" என்று கேட்பாய்.

ஒருமுறை மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது சொன்னாய், "ஓடாத, விழுந்துருவேன்னுதான் எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து எல்லாரும் சொன்னது. அம்மா, டீச்சரு, ஆஸ்டல்ல ஆயா, அத்தன பேரும். பாட்டுக் கத்துக்குடுத்தாங்க, சதுரங்கம் கத்துக்குடுத்தாங்க. ஓட மட்டும் ஆருமே விடல." முப்பத்தாறு வயதில் நீ முதல்முறையாக ஓடினாய். அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு உன்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஐந்து கிலோமீட்டர், பிறகு பத்து. சாமுண்டி மலைச் சாலையில் நந்தி சிலை வரைக்கும் ஏறினோம், வளைவுக்கு வளைவு காற்று திசை மாறுவதை நீ சொல்லிக்கொண்டே வந்தாய். இரண்டாம் வருஷம் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தோம். இருபத்தொரு கிலோமீட்டர். கடைசி ஆளாகவே இருந்த எனக்கு அப்போதுதான் ஆசை பிடித்தது. கடையில் போய் ஓட்டக்காரர்கள் கட்டும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாளைப் பற்றி நீயும் நானும் மறுபடி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறோம். இப்போது முழுவதும் எழுதிவிடுகிறேன்.

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. வெளிவட்டச் சாலையை ஒட்டிய சின்னச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தோம். விடிந்து வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. நம் கால்கள் ஒன்றாக விழுந்தன, அவ்வளவு வேகம் அதுவரை நமக்கு வந்ததில்லை. எவ்வளவு வேகம் என்று பார்க்க இடது கையைத் தூக்கினேன். அந்த நொடியில் சாக்கடை மேல் போட்டிருந்த கல் ஒன்று அரையடி தூக்கிக்கொண்டு நின்றது. நான் சொல்லவில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு.

நீ முகம் குப்புற விழுந்தாய். நாடா என் விரலை அறுத்துக்கொண்டு போனது. உன் மோவாய் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. இடது மணிக்கட்டு பார்க்கக்கூடாத ஒரு கோணத்தில் திரும்பியிருந்தது. முன்னால் போன மகேஷ் சார் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார். "ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ கீழே கிடந்தபடியே சொல்லிவிட்டாய்: "நாய் குறுக்க வந்துருச்சு சார்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் உன் தம்பி ஹனூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டான். மஞ்சள் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் காலில் சேறோடு நின்றான். "இந்த ஓட்டமெல்லாம் இனி வேண்டாம். நாயி, வண்டி, ஆரு பொறுப்பு?" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்துக் குரலை இறக்கினான். "உங்களச் சொல்லலீங்க்கா. நீங்க கூட இருந்ததாலதான் இந்த மட்டும் தப்பிச்சா." அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் கொண்டுவந்து நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன்.

உன்னை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டான். மூன்று மாதம். அரை மாரத்தான் நீயில்லாமல் நடந்தது. அந்தப் பக்கமே நான் போகவில்லை. குழுவுக்கும் போகவில்லை. மகேஷ் சார் மட்டும் ஞாயிறுதோறும் ஒரு தடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் சும்மா படுத்துக் கிடந்த நாய்களையெல்லாம் விரட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை என் கவுண்டருக்கு முன்னால் வெள்ளைக்கோல் தட்டும் சத்தம். வரிசையில் நின்று, உன் முறை வரும்வரை காத்திருந்து வந்தாய்.

"நாளைக்கு அஞ்சரைக்கு, ஏரிக்கர. வந்துருங்க்கா."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போம்மா. நான் வரல."

"வேற ஆளு வேண்டாங்க. ஒருக்கா விழ வெச்சவங்க மறுக்கா விழ வெக்க மாட்டாங்க."

வரிசையில் நின்றவர்கள் ஏதோ வேடிக்கை என்று சிரித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே குனிந்து கேட்டேன், "உனக்குத் தெரியுமா?"

"கவுத்துல ஒரு முனை என்ற கையிலதானுங்க்கா இருந்துச்சு. மேல தூக்குனீங்க, கல்லு இடிச்சுது. வாட்ச்சப் பாத்தீங்களாட்ட இருக்குது."

"அப்புறம் ஏன் நாய்னு சொன்ன?"

"உங்களாலன்னு சொன்னா எந்தம்பி மறுபடி உங்களோட உடுவானா? எனக்கு ஓடணுமுங்க்கா." போகத் திரும்பியபடி சொன்னாய், "இதை இத்தோட உட்ருங்க."

விட்டுவிட்டேன். விடச் சொன்னது நீதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. கடிகாரத்தை மட்டும் அன்று மாலையே கழற்றி என் அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்த அரை மாரத்தானை ஓடி முடித்தோம். கடைசி மூன்று கிலோமீட்டரில் உனக்குக் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று நின்றபடியே அழுதாய். அழுதுகொண்டே நடந்தாய், பிறகு ஓடினாய். நாம் போய்ச் சேரும்போது முடிவுக்கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகேஷ் சார் இரண்டு மூங்கிலைப் பிரிக்கவிடாமல் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தார். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க என அவர் போட்ட சத்தத்தைக் கேட்டே நீ நேராகப் போனாய். பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாய். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாய். "ஓடி முடித்தவர்" என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க்கா" என்றாய்.

நாளிதழில் வந்த அதை யாரோ வாசித்துக் காட்ட, பார்வையில்லாதவர்கள் விடுதியிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துணை ஓட ஆட்கள் வேண்டியிருந்தது. பயிற்சியை நீதான் கொடுத்தாய். மகேஷ் சார் உட்பட எல்லோர் கண்ணையும் துண்டால் கட்டி ஓடவிட்டாய். அவ்வளவு பெரிய ஆள் பத்தடி போவதற்குள் "அம்மா!" என்று அலறியதும், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும்! இப்போது நம் குழுவில் பார்வையில்லாத ஓட்டக்காரர்கள் பதினொரு பேர். துணை ஓடுபவர்களுக்கென்று மகேஷ் சார் ஒரு தாளில் விதிகள் எழுதி ஒட்டினார். முதல் விதி: நாய்களைக் கவனிக்கவும். அந்தத் தாளைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

காய்ச்சல் என்று படுத்தாய். ஒன்பது நாள். டெங்கு என்றார்கள், ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன என்றார்கள். சனிக்கிழமை பார்க்க வந்தபோது உதடு காய்ந்து, பேசுவதற்கே சிரமப்பட்டாய். "நாளைக்கு சௌம்யாகூட ஆரு ஓடறது?" என்று கேட்டாய். அந்த நான்கு பெண்களில் கடைக்குட்டி சௌம்யா. நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். "இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? போங்க்கா." போனேன். செவ்வாய்க்கிழமை கவுண்டரில் இருக்கும்போது போனில் உன் பெயர் வந்தது. ஆசையாக எடுத்தேன். பேசியது உன் தம்பி.

போன மாதம் நடந்தது இதுதான். உன் நினைவாக ஏரியைச் சுற்றி ஓர் ஓட்டம் வைத்தார் மகேஷ் சார். உன் தம்பியையும் அழைத்திருந்தார். ஓடி முடிந்ததும் எல்லோரும் புல்லில் உட்கார்ந்தோம், அவனைப் பேசச் சொன்னார்கள். கூச்சத்தோடு எழுந்து நின்றான். "அன்னிக்கு அந்த நாய் மட்டும் வராம இருந்திருந்தா, எங்கக்கா ஒரு வருசம் முன்னயே அந்தப் பதக்கத்த வாங்கியிருப்பா" என்றான். பக்கத்தில் புதிதாகத் துணை ஓட வந்த ஐந்தாறு பேர் அந்த விதித்தாளின் நகலை வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அவர்கள் எல்லார் கையிலும் கடிகாரம் இருந்தது.

எழுந்தேன். நீ விடச் சொன்னதை விட முடியவில்லை, மன்னித்துக்கொள். "நாய் வரல" என்றேன். "நான் வாட்ச் பார்த்தேன். கயிறு கட்டின கையத் தூக்கினேன். கல்லு இருந்ததை நான் சொல்லல. அவ என்னைக் காப்பாத்த நாய்னு சொன்னா. நான் இத்தனை வருஷம் சும்மா இருந்தேன்." அதையே கன்னடத்திலும் ஒருமுறை சொன்னேன். குரல் உடையாமல் சொல்லிவிட்டது எனக்கே ஆச்சரியம்.

உன் தம்பி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு என்னிடம் வந்தான்.

"மூணு மாசம் அவள வீட்ட உட்டு வெளிய உடலீங்க நான். ரோட்டுப் பக்கம் போறேன்னு அழுவா. நாயி கடிச்சுப்போடும்னு கதவச் சாத்துவேன். இல்லாத நாயிக்கு."

அவன் திட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். அதன்பின் என்னோடு பேசவில்லை, நானும் அவனுக்குப் போன் செய்யும் தைரியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மகேஷ் சார் வந்து என் தோளைத் தொட்டார். அடுத்த ஞாயிறு விதித்தாள் மாறியிருந்தது. கயிறு பிடித்த கையைத் தூக்காதே, அந்தக் கையில் கடிகாரம் கட்டாதே. நாய்கள் எட்டாவது விதிக்குப் போய்விட்டன.

மனம் லேசாகிவிட்டது என்று எழுதினால் பொய். நீ வீட்டுக்குள் அழுத மூன்று மாதம் அதற்கு முன் எனக்குத் தெரியாது. நீ ஒரு நாளும் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது அதுதான், அது என்னோடு இருக்கட்டும்.

சென்ற ஞாயிறு சௌம்யாவோடு ஓடினேன். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் கன்னடம்தான் நன்றாக வருகிறது. இரண்டையும் கலந்து, நீ எப்படி ஓடுவாய் என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் குனிந்து, தரையைத் துழாவுவது போல ஓடும் வழக்கம்.

"தலைய நிமிர்த்தி ஓடுவா. கீழ பாக்கறது என் வேலைன்னு விட்டுட்டு ஓடுவா" என்றேன்.

சௌம்யா சற்று யோசித்தாள். பிறகு மெல்ல முகத்தை உயர்த்தினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.